அயர்லாந்து மூதாதையர் தேடல்: பதிவேடுகள் முரண்பட்டால் எதை நம்புவது?

அயர்லாந்தில் 1821 முதல் 1851 வரை எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி 1922 ஜூனில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் எரிந்து போனது. 1861, 1871 தாள்களை அரசே அழித்துவிட்டது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப்போர்க் காலக் காகிதப் பஞ்சத்தில் கூழாகின. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு மிஞ்சியவை கிறிஸ்தவப் பங்குக் கோயில் ஏடுகள் (பங்கு என்பது ஒரு கோயிலின் பொறுப்பிலுள்ள வட்டாரம்), அரசின் பிறப்பு இறப்புப் பதிவுகள், கிரிஃபித், தசமபாகம் என்ற இரண்டு வரிப் பட்டியல்கள். ஒரே ஆளைப் பற்றி இவை ஒன்றுக்கொன்று மாறாகச் சொல்வது சகஜம். அப்போது எதன் பக்கம் சாய்வது என்று தெரிந்திருந்தால்தான் தேடல் நகரும்.

1901 கணக்கெடுப்பா, 1911ஆ?

இரண்டும் முழுமையாகக் கிடைக்கின்றன. தேசிய ஆவணக்காப்பகத்தின் தளத்தில் குடும்பப் படிவத்தின் படமே இலவசம். உறவுமுறைக்கு 1911தான் கெட்டி. மணமாகி எத்தனை ஆண்டு, பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடிருப்பவர் எத்தனை என்ற கேள்விகள் அதில்தான் உண்டு. விதவைகளுக்கு அந்தக் கேள்வி இல்லை. ஆனாலும் பலர் விடை எழுதியிருப்பார்கள், கணக்கெடுப்பாளர் அடித்திருப்பார். அடித்த கோட்டுக்கு அடியில் இருப்பதையும் படியுங்கள்.

வயதுக்கோ 1911 மோசமான சாட்சி. 1909 ஜனவரியில் எழுபது வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வந்தது. முதியவர்கள் பிறந்த காலத்தில் அரசுப் பிறப்புப் பதிவே கிடையாது. ஆகவே 1901இல் 57 என்றவர் 1911இல் 71 என்று நிற்பார். வயதுக்கு 1901ஐ எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் தோராயமாக. 40, 50, 60 என்று முழு எண்ணாக இருந்தால் முன்னும் பின்னும் ஐந்தாண்டு விட்டுத் தேடுங்கள். பிறந்த இடம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் மாவட்டப் பெயரோடு நிறுத்திவிடுவார்கள். ஊர் வேண்டுமென்றால் வேறு பதிவுக்குத்தான் போக வேண்டும்.

அரசுப் பதிவா, கோயில் ஏடா?

1864 ஜனவரி 1 முதல் எல்லாப் பிறப்பு, திருமணம், இறப்பும் அரசுப் பதிவில் ஏற வேண்டும் என்றானது. கத்தோலிக்கரல்லாதோர் திருமணங்கள் மட்டும் 1845 ஏப்ரலிலிருந்தே உண்டு. ஐரிஷ் ஜீனியாலஜி என்ற அரசுத் தளத்தில் நூறாண்டு கடந்த பிறப்பு, 75 ஆண்டு கடந்த திருமணம், 50 ஆண்டு கடந்த இறப்பு ஆகியவற்றின் படங்கள் இலவசம். வட அயர்லாந்தின் ஆறு மாவட்டங்களுக்கு அந்தத் தளம் 1921 வரைதான். அதன் பிறகு பெல்ஃபாஸ்ட் பதிவு அலுவலகத்தின் தளம், அங்கே காசு கட்ட வேண்டும்.

பிறந்த தேதியில் இரண்டும் மோதினால் கோயில் ஏட்டை நம்புங்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் சில நாட்களுக்குள் நடந்துவிடும். அரசுப் பதிவுக்கு 42 நாள் கெடு. கெடு தாண்டினால் அபராதம். அதனால் பிறந்த நாளையே தள்ளிச் சொல்லிவிடுவார்கள். பிறப்பதற்கு முன்பே ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகள் இப்படித்தான் உருவாகின்றன! 1864க்குப் பின் சில ஆண்டுகள் பதியாமலே விட்ட பிறப்புகளும் உண்டு.

இடத்துக்கும் தந்தையின் தொழிலுக்கும் அரசுப் பதிவுதான் மேல். பல குருக்கள் ஊரை எழுதவே மாட்டார்கள். திருமணத்துக்கும் அப்படியே: அரசுப் பதிவு இருவரின் தந்தை பெயரையும் தரும், கோயில் ஏட்டில் பல இடங்களில் மணமக்களும் இரண்டு சாட்சிகளும் மட்டுமே. ஆனால் ஞானப்பெற்றோர் பெயர் கோயிலில் மட்டுமே கிடைக்கும். பெரும்பாலும் அவர்கள் அத்தை, மாமன் உறவுகள்தான். ஒரே பெயரில் இரு குடும்பங்கள் இருக்கும்போது பிரித்துக் காட்டுவது அதுதான்.

ஒரு இடைஞ்சல்: பிறப்பு அட்டவணையில் தாயின் பிறந்தவீட்டுப் பெயர் 1900 முதல்தான் உண்டு. அதற்கு முந்திய ஒவ்வொரு மேரி மர்ஃபியையும் படத்தைத் திறந்துதான் பார்க்க வேண்டும். ஓ, மேக் என்ற முன்னொட்டுகளோடும் இல்லாமலும் தேடுங்கள். ஒரே குடும்பத்துக்குள்ளேயே மாறும்.

இலவசப் படமா, கட்டணத் தேடலா?

தேசிய நூலகம் 2015இல் கத்தோலிக்கப் பங்கு ஏடுகளின் நுண்படங்களை இணையத்தில் விட்டது. பெரும்பாலும் 1880 வரை. அங்கே பெயர்த் தேடல் இல்லை. மங்கிய கறுப்பு வெள்ளைப் பக்கங்கள், பல லத்தீனில். ஜேம்ஸ் அங்கே யாகோபுஸ், வில்லியம் குலியெல்முஸ், டெனிஸ் டியோனீசியுஸ். ரூட்ஸ் அயர்லாந்து தளம் மாவட்ட மையங்கள் படித்தெழுதிய பதிவுகளைக் கட்டணத்துக்குத் தருகிறது. பெற்றோர் பெயரை வைத்து ஒரு மாவட்டம் முழுவதும் தேடலாம். அதன் பலம் அதுதான். ஆனால் எல்லாப் பங்குகளும் அதில் இல்லை. பணம் கட்டுமுன் தளத்தின் மூலப் பட்டியலில் உங்கள் பங்கும் ஆண்டும் இருக்கிறதா பாருங்கள்.

பங்கும் பத்தாண்டும் தெரிந்தால் காசு வேண்டாம், பக்கம் பக்கமாகப் புரட்டிவிடலாம். மாவட்டம் மட்டும்தான் தெரியுமென்றால் தேட வேண்டிய பெயர்களை முதலில் குறித்துவைத்து, ஒரு மாதச் சந்தா மட்டும் எடுங்கள். கிடைத்த ஒவ்வொன்றையும் நூலகத்தின் படத்தோடு ஒத்துப் பாருங்கள். படித்தெழுதியவர் கண்ணுக்கு வராத ஓர விவரம் அங்கே இருக்கும். நூலகப் படங்களுக்கு ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற மூதாதையர் தேடல் தளங்களிலும் பெயர் அட்டவணை உண்டு. ரூட்ஸ் அயர்லாந்தில் தப்பாகப் படித்த பெயர் அங்கே சிக்கலாம்.

கிரிஃபித்தா, தசமபாகமா?

1864க்கு முன் ஊரைப் பிடிக்க இவை இரண்டும்தான். 1847–1864 கிரிஃபித் மதிப்பீடு என்பது வரிக்காக நிலத்தையும் வீட்டையும் மதிப்பிட்டு அச்சிட்ட பட்டியல். நிலத்தை அனுபவித்தவர், அவருக்குக் குத்தகைக்கு விட்டவர், பரப்பு, வரிமதிப்பு, நிலவரைபட எண் எல்லாம் டவுன்லேண்ட் வாரியாக இருக்கும். டவுன்லேண்ட் என்பது அங்கே நிலப்பிரிவில் மிகச் சிறியது. ‘மைக்கேல் ரயன் (ஜான்)’ என்று அடைப்புக்குறியில் வந்தால் ஜான் பெரும்பாலும் தந்தை. மனைவி, மக்கள் பெயர் வராது.

1823–1837 தசமபாக ஏடுகள், அதாவது அரசுத் திருச்சபைக்குக் கட்ட வேண்டிய வரியின் ஏடுகள், கையெழுத்தில் உள்ளவை. விவசாய நிலம் மட்டும். நகர மக்களும் நிலமற்ற கூலிகளும் வரமாட்டார்கள். பல இடங்களில் பரப்பு ஐரிஷ் ஏக்கரில் இருக்கும், அது சாதாரண ஏக்கரில் சுமார் 1.62. கிரிஃபித் சாதாரண ஏக்கரில் இருப்பதால், அதில் நிலம் கூடியதாகத் தெரிந்தால் வாங்கிச் சேர்த்தார்கள் என்று அவசரப்பட வேண்டாம்.

எப்போதும் கிரிஃபித்தில் தொடங்குங்கள். 1845இல் தொடங்கிய பஞ்சத்துக்கு முன்பே கப்பலேறிய குடும்பம் என்றால் மட்டும் தசமபாகம் முந்தும். கிரிஃபித்துக்குப் பின் வந்த திருத்த ஏடுகளில் பெயரை அடித்து வேறு நிற மையில் புதுப் பெயர் எழுதியிருப்பார்கள். பெயர் மாறிய ஆண்டை ஒட்டி இறப்புப் பதிவைத் தேடுவது நல்ல பலன் தரும்.

கிரிஃபித் சிவில் பங்கு வாரியாக, அதாவது அரசு நிர்வாகப் பிரிவு வாரியாக, அடுக்கப்பட்டது. ஞானஸ்நானம் கத்தோலிக்கப் பங்கு வாரியாக. இரண்டின் பெயரும் எல்லையும் பல இடங்களில் ஒன்றல்ல. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுமுன் தேசிய நூலகத் தளத்தின் பங்கு வரைபடத்தில் டவுன்லேண்ட் எந்தப் பங்குக்குள் விழுகிறது என்று பார்த்துவிட்டு, அதைச் சுற்றியுள்ள பங்குகளின் ஏடுகளையும் தேடுங்கள்.