மஞ்சக்குப்பத்தில் ஒரு லைசென்ஸ் கடை: யார் போகலாம், யாருக்கு வேண்டாம்

ஹெவி லைசென்ஸ் வைத்திருப்பவர், எப்போதோ வேகத்துக்காக அபராதம் கட்டியவர், இப்போது வேறு கம்பெனியில் சேரப் பார்ப்பவர் என்றால், கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் இந்தக் கடைக்கு ஒரு நடை போய் வாருங்கள். வெறும் புதுப்பித்தலுக்கு என்றால் வேண்டாம். அதை அரசின் லைசென்ஸ் தளமான சாரதி இணையதளத்தில் நாமே செய்துகொள்ளலாம். தெரியாவிட்டால் வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் கேட்டால் போதும்.

பலகையில் ‘ஜெராக்ஸ், ஆன்லைன் சேவை’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. உள்ளே ஒரு கணினி, ஒரு பிரிண்டர், உட்கார ஒரே ஒரு நாற்காலி. நடத்துகிற அக்கா முன்பு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதியவர். அதனால் டிரைவர்களின் சமாளிப்புகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

நான் திருப்பாதிரிப்புலியூரில் குட்டி யானை ஓட்டுகிறேன். எனக்கு அந்தக் கடையில் வேலை ஏதும் இல்லை. என் மச்சானுக்காகப் போனேன். அவர் லாரி டிரைவர். சிப்காட் தொழிற்பேட்டையில் ரசாயன டேங்கர் ஓட்டும் காண்டிராக்டர் ஒருவரிடம் வேலை கிடைக்கும்போல் இருந்தது. லைசென்ஸ் நகலை வாங்கிப் பார்த்த மேனேஜர், “பழைய கேஸ் ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டிருக்கிறார். “எல்லாம் கட்டியாகிவிட்டது” என்று மச்சான் சொன்னாராம். பணம் கட்டினால் விஷயம் தீர்ந்தது என்பதுதான் நம் பக்கத்து டிரைவர்களில் பெரும்பாலோரின் நம்பிக்கை.

அந்த அக்கா முதலில் செய்த காரியத்துக்கே நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். வண்டி எண்ணைக் கேட்கவில்லை; லைசென்ஸ் எண்ணைக் கேட்டார். இ-சலான், அதாவது போக்குவரத்து அபராதச் சீட்டுகளுக்கான தளத்தில் இரண்டில் எதைப் போட்டும் தேடலாம். நாம் எல்லோரும் வண்டி எண்ணை மட்டுமே தட்டிப் பார்க்கிறோம். கேமரா பிடித்தால் சலான் வண்டி உரிமையாளரின் பெயருக்குப் போகிறது. ஓட்டியது யார் என்று கேட்டால் அவர் சொல்லியே ஆக வேண்டும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-ஆவது பிரிவு அப்படி. வேகத்தை அளக்கும் போலீஸின் இன்டர்செப்டர் வண்டி நிறுத்திப் பிடித்தால், டிரைவரின் லைசென்ஸ் எண்ணே நேராகச் சலானில் ஏறிவிடுகிறது. முதலாளியின் லாரியை விட்டுவிட்டு வந்துவிடலாம். லைசென்ஸ் எண் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கூடவே வரும்.

மச்சானின் எண்ணில் இரண்டு சலான்கள் வந்தன. இரண்டும் வேகம், இரண்டும் பணம் கட்டியவை. “என் லாரியில் ஸ்பீடு கவர்னர் இருக்கிறது அக்கா, 80-க்கு மேல் போகவே போகாது” என்று அவர் வாதாடினார். அக்கா சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. சரக்கு வண்டிக்கு நான்குவழிச் சாலையில்தான் மத்திய அரசின் 2018 அறிவிக்கை 80 கிலோமீட்டர் வரை விடுகிறது, ஊருக்குள்ளும் சாதாரணச் சாலையிலும் உச்ச வரம்பு 60தான், மாநிலம் அதையும் குறைக்கலாம் என்று எடுத்துச் சொன்னார். கருவி வேகத்தை 80-இல்தான் தடுக்கும். 60 பலகை இருக்கும் இடத்தில் அது நம்மைக் காப்பாற்றாது. இத்தனை வருடம் ஓட்டும் எனக்கே இது உறைத்தது அன்றைக்குத்தான்.

பிறகு அவர் விளக்கியதுதான் கடைக்குப் போனதன் பலன். 2019 செப்டம்பரில் திருத்தச் சட்டம் வருவதற்கு முன்பு வேகத்துக்கு முதல் தடவை 400 ரூபாய்தான் உச்சம். இப்போது 183-ஆவது பிரிவில் கனரக வண்டிக்கு 2,000 முதல் 4,000 வரை. இரண்டாம் தடவை என்றால் பணத்தோடு போகாது, லைசென்ஸையே பறிமுதல் செய்யச் சட்டம் சொல்கிறது. அதிவேகம், சிவப்பு விளக்கு மீறல், கூடுதல் பாரம், ஓட்டும்போது கைப்பேசி போன்றவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்திவைக்கும்படி உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இலேயே மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. ஆனால் நிறுத்துவதற்கு முன் டிரைவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்க வேண்டும். உத்தரவு வந்தாலும் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

“தம்பி, உங்களுக்கு நோட்டீஸ் வந்ததா?” என்று கேட்டார். வரவில்லை என்றார் மச்சான். லைசென்ஸில் எந்த முகவரி என்றார் அக்கா. நெல்லிக்குப்பத்துப் பழைய வாடகை வீடு. மச்சான் கல்யாணம் ஆனதும் பாகூர்ப் பக்கம் குடிபோய்விட்டார். எல்லை தாண்டினால் புதுச்சேரி. பால்காரர் முதல் பள்ளிக்கூடம் வரை எல்லாம் மாறிவிட்டது, லைசென்ஸ் முகவரி மட்டும் அப்படியே கிடக்கிறது. அன்று மாலையே நெல்லிக்குப்பம் போனோம். வீட்டுக்காரம்மா காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருந்த உறையை எடுத்துக் கொடுத்தார். விளக்கம் கேட்டு வந்த நோட்டீஸ்தான்.

இந்த இடத்தில் ஒரு புரோக்கரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். நாங்கள் முதலில் போனது அவரிடம்தான். எதையும் பார்க்காமலேயே ஒரு தொகை சொல்லி, “ரெக்கார்டையே அழித்துவிடலாம்” என்றார். அக்காவிடம் இதைச் சொன்னபோது, “அழிக்க முடியும் என்று சொல்பவன் உங்கள் பணத்தைத்தான் அழிப்பான்” என்றார். பதில் கடிதத்தை வெள்ளைத்தாளில் மச்சானையே எழுத வைத்தார், பணம் கட்டிய ரசீதுகளை இணைக்கச் சொன்னார், நேரில் போய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கச் சொன்னார். கூட வருகிறேன் என்றோ ஆளைத் தெரியும் என்றோ ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் பிடித்ததே அதுதான். விசாரணை இன்னும் முடியவில்லை.

டேங்கர் வேலை விஷயத்தில் அவர் சொன்னது கொஞ்சம் கசப்பு. ஒருவேளை லைசென்ஸ் நிறுத்தப்பட்டால், அந்தக் காலத்தில் ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது. தொட்டால் 182-ஆவது பிரிவு: 10,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கவும் வழி இருக்கிறது. கடைசியில் முதலாளியின் தலையில் விழும். மேனேஜர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது மச்சானுக்கு அப்போதுதான் புரிந்தது. சாதாரண வணிக லைசென்ஸ் ஐந்து வருடத்துக்கு என்றால், அபாயகரமான சரக்குக்கான அனுமதி மூன்று வருடத்துக்குத்தான். அதற்குத் தனிப் பயிற்சியும் வேண்டும். நோட்டீஸை மறைக்காமல் மேனேஜரிடம் காட்டிவிடச் சொன்னார். மச்சான் காட்டினார். முடிவு தெரியும்வரை லாரியில் கிளீனராக இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். சம்பளம் குறைவு, முகம் வாடிப் போய்விட்டது.

அமெரிக்காவில் லாரி ஓட்டும் எங்கள் சித்தப்பா மகனிடம் இதைச் சொன்னால் அவன் வேறு கதை சொல்கிறான். அங்கே வணிக லைசென்ஸ்காரர் வரம்பைவிட 15 மைல், அதாவது சுமார் 24 கிலோமீட்டர், கூடுதலாகப் போய்ப் பிடிபட்டுக் குற்றம் உறுதியானால் அது ‘கடுமையான மீறல்’. மூன்று வருடத்துக்குள் இரண்டு என்றால் 60 நாள் ஓட்ட முடியாது, மூன்று என்றால் 120 நாள். டிரைவர்களுக்கான திருத்த வகுப்புக்குப் போய் உட்கார்ந்து அந்தப் பதிவை மறைப்பதற்கும் வழி கிடையாது. கம்பெனி வருடத்துக்கு ஒரு முறை டிரைவரின் பதிவை வாங்கிப் பார்க்க வேண்டும் என்பதும் சட்டம். இங்கே யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் நாம் ஓடிக்கொண்டிருக்கிறோம். சிப்காட் மேனேஜர்கள் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

குறைகளும் உண்டு. அக்கா பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. நமக்குப் பின்னால் நிற்பவர் பெருமூச்சு விடுவார். பிரிண்டர் மை பரப்பி, ரசீதில் தேதி படிக்க முடியாமல் போய், மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. மருத்துவச் சான்றான 1ஏ படிவத்துக்கு எந்த டாக்டரிடம் போவது என்று கேட்டால் மட்டும் மழுப்புகிறார். கட்டணம் 250 ரூபாய், ஜெராக்ஸ் தனி. பார்த்த வேலைக்கு அது குறைவு என்றே நினைக்கிறேன்.

மதியம் ஒன்றரை முதல் நான்கு வரை பூட்டியிருக்கும், ஞாயிறு விடுமுறை. அசல் லைசென்ஸ், பணம் கட்டிய பழைய ரசீதுகள், லைசென்ஸில் பதிந்திருக்கும் அதே எண்ணுள்ள கைப்பேசி ஆகிய மூன்றையும் கொண்டுபோங்கள். எண் மாறியிருந்தால் ஓடிபி வராது. முதல் நாள் அதை மாற்றுவதிலேயே போய்விடும்.