15 ஆம்ப்ஸ் பிளக்கா, வால்பாக்ஸா, ஃபாஸ்ட் சார்ஜரா? மின்சார காரை எதில் போடுவது, காருக்குள் எதைப் போடுவது

போன மே மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது ராத்திரி பத்து மணிக்கு காரை சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தோம். வாசலில் தண்ணீர் மோட்டாருக்காக எப்போதோ வைத்த 15 ஆம்ப்ஸ் பிளக் பாயின்ட் அது. விடியற்காலையில் அத்தான் வந்து எழுப்பினார், "ஏதோ பிளாஸ்டிக் கருகுற வாடை வருது, வந்து பாரு" என்று. போய்ப் பார்த்தால் சாக்கெட்டில் ஒரு ஓட்டையைச் சுற்றி பழுப்பாக உருகிக் குழிந்திருக்கிறது, பிளக் பின் கறுத்திருக்கிறது. காருக்கு ஒன்றும் ஆகவில்லை, கூடவே வந்த சார்ஜர் பெட்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை, கெட்டது சுவரில் இருந்த சாமான் மட்டும்தான்.

மின்சார கார் வாங்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும் முதல் கேள்வி பேட்டரி தீப்பிடிக்குமா என்பதுதான். என்னைக் கேட்டால் அதைவிடப் பல மடங்கு கவனம் சுவருக்குப் போக வேண்டும் என்பேன். எந்த சார்ஜர் நல்லது என்று ஒப்பிடும்போதும் எத்தனை மணி நேரத்தில் ஏறும் என்பதை மட்டும் பார்க்காமல், அதன் பின்னால் இருக்கும் வயர், எர்த், சாக்கெட் யார் பொறுப்பில் இருக்கிறது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

15 ஆம்ப்ஸ் பிளக், வால்பாக்ஸ், ஃபாஸ்ட் சார்ஜர் என்ற மூன்று முறையிலும் காருக்கும் கன்னுக்கும் (சார்ஜர் வயரின் நுனியில் காரில் செருகும் பிடி) இடையில் நடப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான். கன்னைச் செருகியவுடன் கரன்ட் பாய்ந்துவிடாது. கன்னில் இருக்கும் சின்ன பின்கள் வழியாக காரும் சார்ஜரும் முதலில் பேசிக்கொள்கின்றன, சரியாக உட்கார்ந்திருக்கிறதா, எர்த் இருக்கிறதா, எத்தனை ஆம்ப்ஸ் வரை இழுக்கலாம் என்றெல்லாம் தெரிந்த பிறகுதான் உள்ளே இருக்கும் ரிலே மூடி மின்சாரம் போகும். சார்ஜ் ஏறும்போது கன் பூட்டிக்கொள்ளும், இழுத்தாலும் வராது. அதனால்தான் தூறலில் நின்று கன்னைப் பிடித்தால் ஷாக் அடிக்குமோ என்ற பயம் பெரும்பாலும் தேவையில்லை. கன்னுக்குள் தண்ணீர் தேங்கியிருந்தால் உதறிவிட்டுச் செருகுங்கள், அவ்வளவுதான்.

சரி, முதலில் 15 ஆம்ப்ஸ் பிளக். நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் கதி, உண்மையில் இதுவே போதும். 230 வோல்ட், 15 ஆம்ப்ஸ் என்றால் சுமார் 3.4 கிலோவாட். ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஆறு ஏழு யூனிட் போதும், இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடும். 40 யூனிட் பேட்டரியை 20 சதவீதத்திலிருந்து நிரப்புவதென்றால் பத்து பதினோரு மணி நேரம் பிடிக்கும், அதுவும் தூங்கி எழும் நேரம்தான்.

சிக்கல் அந்தப் பத்து மணி நேரத்தில்தான் இருக்கிறது. கீசர் 20 நிமிடம் ஓடும், அயர்ன் பாக்ஸ் விட்டுவிட்டு ஓடும், நம் வீட்டு 15 ஆம்ப்ஸ் சாக்கெட்டுகள் அந்த மாதிரி வேலைக்குப் பழகியவை. கார் ராத்திரி முழுக்க ஒரு நொடி விடாமல் 15 ஆம்ப்ஸ் இழுக்கிறது. சாக்கெட்டுக்குள் பித்தளைக் கவ்வி கொஞ்சம் தளர்ந்து, அந்த இடத்தில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தாலும் 15 ஆம்ப்ஸில் 22 வாட்டுக்கு மேல் சூடு அந்த ஒரு புள்ளியில் உட்காரும். சால்டரிங் அயர்ன் ஒன்றை சாக்கெட்டுக்குள் விட்டு ராத்திரி முழுக்க வைத்தது மாதிரி. அக்கா வீட்டில் நடந்தது அதுதான். இதற்கு எம்சிபி (அளவுக்கு மீறிக் கரன்ட் போனால் தானே விழும் சுவிட்ச்) ட்ரிப் ஆகாது, ஏனென்றால் எம்சிபியைப் பொறுத்தவரை 15 ஆம்ப்ஸ்தான் போகிறது, எல்லாம் சரியாக இருக்கிறது.

நல்ல விஷயம், சூடு கரன்ட்டின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால் கொஞ்சம் குறைத்தாலே நிறையக் குறையும். சார்ஜரிலோ கார் திரையிலோ ஆம்ப்ஸ் குறைக்கும் வசதி இருந்தால் 10 ஆம்ப்ஸில் வையுங்கள், அந்தப் புள்ளியின் சூடு பாதிக்கும் கீழே வந்துவிடும், நேரம் மட்டும் ஒன்றரை மடங்கு ஆகும். ஊருக்குப் போன இடத்தில், யார் வீட்டிலோ, எப்போதோ போட்ட பாயின்ட்டில் நான் இப்போது இப்படி மட்டும்தான் போடுகிறேன். அப்புறம் அரை மணி நேரம் கழித்து சார்ஜை நிறுத்தி, சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றித் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் அந்த சாக்கெட்டை விட்டுவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எந்த நிலையிலும் வேண்டாம். குறிப்பாகச் சுருட்டி வைத்த வயரில் காரை சார்ஜ் போடுவது, சூடு வெளியேற வழியில்லாத ஒரு சுருளைத் தெரிந்தே செய்து வைப்பதுதான்.

இதைவிட எனக்குக் கவலை தருவது எர்த். காரோடு வரும் சார்ஜர் பெட்டி எர்த் இல்லையென்றால் சிவப்பு விளக்கு போட்டு நின்றுவிடும். நம் ஊர்ப் பழைய வீடுகளில் எர்த் குழி காய்ந்து, உப்பும் கரியும் கரைந்து பல வருஷமாகியிருக்கும், சில வீடுகளில் எர்த் வயரே எங்கும் போய்ச் சேர்ந்திருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், எல்லாரும் அல்ல, சிலர், சாக்கெட்டைக் கழற்றி நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு ஒரு சின்ன வயரைப் போட்டு லூப் செய்துவிடுகிறார்கள். சார்ஜர் ஏமாந்துபோய்ப் பச்சை விளக்கு போடும், நாமும் சந்தோஷமாகக் காசு கொடுத்து அனுப்பிவிடுவோம்.

தயவுசெய்து இதை மட்டும் அனுமதிக்காதீர்கள். அந்த எர்த் வயர் நேராகக் காரின் இரும்பு உடம்பில் போய்ச் சேர்கிறது. என்றைக்காவது நியூட்ரல் எங்காவது அறுந்தாலோ, யாராவது ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்தாலோ, காரின் கதவு, பானெட், கைப்பிடி எல்லாமே 230 வோல்ட் ஆகிவிடும். மழை பெய்து ஈரமான தரையில் செருப்பில்லாமல் ஒரு குழந்தை போய்க் கதவைத் தொட்டால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

சோதிப்பது எளிது. மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230க்கு அருகில் காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்றிரண்டு வோல்ட் காட்டலாம், லோடு ஓடும்போது இன்னும் கொஞ்சம் கூடும். லோடு போட்டும் துல்லியமாக பூஜ்யம் காட்டினால் நிம்மதியடையாமல் சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், லூப் இருக்க வாய்ப்பிருக்கிறது. புதிதாக எர்த் குழி போட ஆகும் செலவு காரின் விலைக்கு முன்னால் ஒரு பொருட்டே இல்லை.

இப்போது வால்பாக்ஸ். 7.2 கிலோவாட், 32 ஆம்ப்ஸ், சுவரில் பொருத்தி வைப்பது. இதன் பெரிய நன்மை வேகம் என்றுதான் விற்பார்கள், எனக்குப் பிடித்த காரணம் வேறு: இதில் பிளக்கும் சாக்கெட்டும் கிடையாது. மெயின் போர்டிலிருந்து தனி வயர், தனி எம்சிபி, தனி ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்ச்), வயர் நேராகத் திருகாணியில் முறுக்கப்பட்டிருக்கும். தளரும் கவ்வியே இல்லை என்பதால் அக்கா வீட்டு மாதிரி விபத்துக்கு வாய்ப்பு மிகவும் குறைவு. 6 சதுர மில்லிமீட்டர் செப்பு வயருக்குக் குறைந்து ஒப்புக்கொள்ளாதீர்கள், தூரம் அதிகமென்றால் இன்னும் தடிமன் வேண்டும்.

ஆர்சிசிபி பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எம்சிபி இருக்கிறதே போதாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எம்சிபி வயரைக் காப்பாற்றுவது, ஆர்சிசிபி ஆளைக் காப்பாற்றுவது. மனிதன் வழியாக 30 மில்லி ஆம்ப்ஸ் கசிந்தாலே ஆபத்து, 32 ஆம்ப்ஸ் எம்சிபிக்கு அது கண்ணிலேயே படாது. ஆர்சிசிபியிலும் வகை உண்டு. வீடுகளில் சாதாரணமாகப் போடுவது ஏசி டைப், காரிலிருந்து கொஞ்சம் டிசி கரன்ட் கசிந்தால் அது மரத்துப்போய் தேவையான நேரத்தில் விழாமல் போகலாம். வால்பாக்ஸுக்குள்ளேயே 6 மில்லி ஆம்ப்ஸ் டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் ஏ டைப் போதும், இல்லையென்றால் பி டைப், அது விலை அதிகம். வாங்கும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள், பதில் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

ஆனால் எல்லாருக்கும் வால்பாக்ஸ் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். காருக்குள் இருக்கும், ஏசியை டிசியாக மாற்றும் சார்ஜர் 3.3 கிலோவாட் என்றால் சுவரில் 7.2 மாட்டினாலும் 3.3தான் ஏறும், பணம் வீண். வீட்டில் ஏற்கெனவே ஒரு ஏசி, ஒரு கீசர் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னும் 7 கிலோவாட் ஏற்றினால் சிங்கிள் ஃபேஸ் வீடு தாங்காது, ஈபி ஆபீஸில் லோடு கூட்டச் சொல்லி, த்ரீ ஃபேஸ் மாற்றி, அதற்கெல்லாம் அலைய வேண்டும். இருக்கும் வீட்டு இணைப்பிலேயே காரை சார்ஜ் போடலாம் என்று மத்திய மின் அமைச்சகத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது, ஆனால் அனுமதித்த லோடுக்குள் இருக்க வேண்டியது நம் பொறுப்பு. தினமும் 40, 50 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு என் யோசனை இரண்டுக்கும் நடுவில் ஒன்று: மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டரில் தனி வயர், நல்ல இண்டஸ்ட்ரியல் சாக்கெட், தனி ஆர்சிசிபி, புது எர்த். நானும் அதைத்தான் செய்திருக்கிறேன். யுபிஎஸ் லைனில் மட்டும் தவறியும் கொடுத்துவிடாதீர்கள்.

டிசி ஃபாஸ்ட் சார்ஜரில் சுவர் நம் கவலை இல்லை. இங்கே ஏசியை டிசியாக மாற்றும் வேலை வெளியே இருக்கும் பெரிய பெட்டியில் நடக்கிறது, கசிவைப் பெட்டியே தொடர்ந்து கண்காணிக்கும், 30 கிலோவாட் பெட்டியென்றால் ஒரு மணி நேரத்தில் கணிசமாக ஏறிவிடும். சென்னையிலிருந்து மதுரைக்கு ஒரே மூச்சில் போகிறவருக்கு இது இல்லாமல் ஆகாது. கஷ்டம் பேட்டரிக்கு: மே மாத வெயிலில் நெடுஞ்சாலையில் விரட்டி வந்து, சூடான பேட்டரியில் உடனே ஃபாஸ்ட் சார்ஜ் போட்டால் கார் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், 80 சதவீதத்துக்கு மேல் ஊர்ந்துதான் ஏறும். அதற்கு மேல் காத்திருப்பது பின்னால் வரிசையில் நிற்பவருக்கும் தொல்லை. கன் பின்களில் கறுப்போ உருகலோ தெரிந்தால் அந்தக் கன்னைத் தொடாதீர்கள். நம் ஊரில் நிறைய ஃபாஸ்ட் சார்ஜர்கள் பெட்ரோல் பங்க்குக்குள்ளேயே இருக்கின்றன, காருக்குப் பெட்ரோல் ஆவி இல்லையென்றாலும் பங்க்குக்கு உண்டு, பங்க் விதிகளை மதியுங்கள்.

காருக்குள் போன், லேப்டாப்பை எதில் சார்ஜ் போடலாம் என்பதில் போட்டி நான்கு பேருக்கு: காரிலேயே இருக்கும் யூஎஸ்பி, 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் அடாப்டர், பவர் பேங்க், அப்புறம் 230 வோல்ட் தரும் வசதி.

யூஎஸ்பி மெதுவானது, ஆனால் கார்க்காரர்களே அளந்து வைத்தது, போனுக்கு அதுவே என் முதல் தேர்வு. மேப் ஓடும் போனைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வெயிலில் மாட்டிவிட்டு சார்ஜ் ஏறவில்லையே என்று கேபிளைக் குறை சொல்கிறோம், போன் சூட்டில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள சார்ஜை நிறுத்தியிருக்கும். ஏசி காற்று படும் இடத்தில் மாட்டினால் பாதிப் பிரச்சினை தீரும்.

12 வோல்ட் சாக்கெட் பல கார்களில் 10 ஆம்ப்ஸ் ஃப்யூஸில் இருக்கும், அதாவது 120 வாட். 65 வாட் லேப்டாப் அடாப்டர் தாராளமாக ஓடும். 150 வாட் இன்வெர்ட்டரை மாட்டி முழு லோடு இழுத்தால் ஃப்யூஸ் போகும், அங்கேதான் தப்பு தொடங்குகிறது: கடையில் 20 ஆம்ப்ஸ் ஃப்யூஸ் போட்டுத் தருவார்கள். பின்னால் இருக்கும் வயர் அதே மெல்லிய வயர்தான், இனி உருகுவது ஃப்யூஸாக இருக்காது. மின்சார காரில் இன்னொன்றும் உண்டு. இந்த 12 வோல்ட் லைன் பெரிய பேட்டரியில் நேராக இல்லை, தனிச் சின்ன பேட்டரியில் இருக்கிறது. பார்க்கிங்கில் டேஷ்கேம் நாள்கணக்கில் ஓடி அதைத் தீர்த்துவிட்டால், பெரிய பேட்டரியில் 80 சதவீதம் இருந்தும் கார் உயிர் பெறாது.

பவர் பேங்க் பயணத்தில் கையோடு இருக்கட்டும், காரில் விட்டு இறங்காதீர்கள். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தாண்டும், லித்தியம் பேட்டரிக்கு அது தாங்காத சூடு. வாங்கும்போது பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் அதன் கீழே ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் பாருங்கள், பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும்.

லேப்டாப், மிக்ஸி, பெடஸ்டல் ஃபேன் என்று 230 வோல்ட் வேண்டுமென்றால் மலிவு இன்வெர்ட்டரைவிட, பெரிய பேட்டரியிலிருந்தே 230 வோல்ட் தரும் வி2எல் வசதி உள்ள கார் எவ்வளவோ மேல். ஹூண்டாய் ஐயோனிக் 5 இப்படி 3.6 கிலோவாட் வரை தருகிறது, டாடா நெக்ஸான் மின்சார காரின் 2023 மாடலிலும் இந்த வசதி வந்துவிட்டது. புயல் நேரத்தில் இரண்டு நாள் கரன்ட் இல்லாதபோது ஃபிரிட்ஜையும் ஃபேனையும் ஓட்டிவிடலாம். சாதனங்களை நேராகக் காரிலிருந்து வரும் சாக்கெட்டில் செருகுங்கள், மழையில் நனையாத இடத்தில் வையுங்கள். இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரைத் தயாரித்து, காரிலிருந்து வீட்டுச் சுவர் சாக்கெட்டுக்குள் கரன்ட்டைத் திருப்பி விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தக் கரன்ட் உங்கள் மீட்டரைத் தாண்டித் தெருக் கம்பத்துக்குப் போகும், டிரான்ஸ்ஃபார்மரில் உயர் அழுத்தமாகவும் மாறும், லைன் ஆஃப் என்று நம்பி அந்த மழையில் கம்பத்தில் ஏறியிருக்கும் ஈபி லைன்மேன் கையில்தான் அது போய் முடியும்.