குவாண்டம் எஸ்ப்ரெசோ: டர்பனில் புதிய ஆய்வுக்குழு தொடங்கியவரின் மதிப்பீடு

கணினிவழிப் பொருள் இயற்பியலில் ஆய்வுக்குழு தொடங்கும் ஒருவர், மென்பொருள் உரிமத்துக்கு எவ்வளவு, மாணவர் உதவித்தொகைக்கு எவ்வளவு என்பதை வேலையில் சேர்ந்த கையோடு முடிவு செய்தாக வேண்டும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் குழுவுக்கு நான் தேர்ந்தெடுத்தது, யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தின் கீழ் இலவசமாகக் கிடைக்கும் குவாண்டம் எஸ்ப்ரெசோ என்னும் மென்பொருள். உரிமத்துக்குப் போயிருக்க வேண்டிய பணம் ஒரு முதுகலை மாணவியின் உதவித்தொகையில் சேர்ந்தது. இந்த மென்பொருளைப் பரிந்துரைக்க எனக்கு அதுவே முதற்காரணம்.

1964, 1965ஆம் ஆண்டுகளில் ஹோஹென்பெர்க், கோன், ஷாம் ஆகியோர் வகுத்த, எலக்ட்ரான்களின் அடர்த்தியிலிருந்து பொருளின் பண்புகளைக் கணிக்கும் அடர்த்திச் சார்பியக் கோட்பாட்டைக் கொண்டு, திண்மப் பொருள்களின் ஆற்றல், அமைப்பு, படிகத்தில் அணுக்கள் கூட்டாக அதிரும் ஃபோனான் அதிர்வுகள் முதலியவற்றை இது கணக்கிடுகிறது. பிளாட்டினச் சுரங்கத் தொழிலில் உலகின் முன்னணியில் இருக்கும் நாட்டில் வேலை செய்வதால், மாணவர்களுக்கு முதல் பயிற்சியாகப் பிளாட்டினப் படிகத்தையே கொடுக்கிறேன். படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அலகின் பக்க நீளமான அணிக்கோவை மாறிலி அளவீட்டில் 3.92 ஆங்ஸ்ட்ராம்; இந்தக் கோட்பாட்டில் பரவலாகப் பயன்படும் பிபிஇ என்னும் தோராயத்தில் ஏறக்குறைய 3.97 என வரும். இந்த வேறுபாடு தோராயத்தின் இயல்பு. மென்பொருளின் பிழை அன்று என்பதை மாணவர் தம் கையாலேயே கணக்கிட்டு உணர்வது எந்த விரிவுரையையும்விடப் பயன் தருகிறது.

புதியவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. எலக்ட்ரான் அடர்த்திக்கான வெட்டு ஆற்றலை (கணக்கின் நுணுக்கத்தைத் தீர்மானிக்கும் வரம்பு) நாம் குறிப்பிடாவிட்டால், எலக்ட்ரான்களை விவரிக்கும் அலைச்சார்புக்கான மதிப்பின் நான்கு மடங்கை மென்பொருள் தானே எடுத்துக்கொள்ளும். அணுக்கருவும் உள் எலக்ட்ரான்களும் சேர்ந்து ஏற்படுத்தும் விளைவை எளிமையாக்கித் தரும் சூடோபொட்டன்ஷியல்களில் அல்ட்ராசாஃப்ட் வகைக்கு எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு வரை தேவைப்படுவதால், கணக்கு எந்தத் தடங்கலும் இன்றி முடிந்து தவறான விடையைத் தந்துவிடக்கூடும். ஆகவே, வெட்டு ஆற்றலைக் கூட்டினாலும் விடை மாறாமல் நிற்கிறதா என்று பார்க்கும் குவிவுச் சோதனையின் வரைபடத்தை என்னிடம் காட்டாமல் எந்த மாணவரும் அடுத்த கட்டத்துக்குப் போகக்கூடாது என்பது எங்கள் குழுவின் விதி.

மின்வெட்டு நாள்களில் கணக்கு எத்தனை விநாடிகள் ஓடலாம் என வரம்பு வைக்கும் இதன் மேக்ஸ் செகண்ட்ஸ் என்னும் கட்டளை பேருதவியாக இருந்தது. மின்வெட்டு அட்டவணை முன்கூட்டியே தெரிந்துவிடுவதால், அதற்குச் சற்று முன்னதாகவே கணக்கு முறையாக நின்று, பின்னர் விட்ட இடத்திலிருந்து தொடருமாறு அமைத்துக்கொள்ளலாம். அறிவிப்பின்றி மின்சாரம் போனால் இது கைகொடுக்காது. யுபிஎஸ்ஸில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

பெரிய கணக்குகளுக்குக் கேப்டவுனில் உள்ள உயர்திறன் கணிப்பு மையம் இருக்கிறது. அங்கு 2016இல் தொடங்கப்பட்ட லெங்காவ் போன்ற கணினித் தொகுதியைத் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கட்டணமின்றிப் பயன்படுத்த முடிந்திருப்பதால், புதிய குழு சொந்த சர்வர் வாங்க அவசரப்பட வேண்டியதில்லை.

கூடுதல் துல்லியத்துக்காகக் கூடுதல் கணக்கீட்டைக் கோரும் ஹைப்ரிட் சார்பியங்கள் என்னும் தோராயங்களை நாள்தோறும் பயன்படுத்த வேண்டிய குழுக்கள் இதை மட்டும் நம்பித் திட்டமிட வேண்டாம். நூறு அணுக்களைத் தாண்டினால் காத்திருப்பு மிகவும் நீளும். உலோகங்கள், மேற்பரப்புகள், ஃபோனான்கள் ஆகியவற்றில் ஆய்வைத் தொடங்குபவர்கள் தயக்கமின்றி இதையே தேர்ந்தெடுக்கலாம்.