மூடுபனிக்கும் மண்பாதைக்கும் வாகன விளக்குகள்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

என் நான்கு சக்கர இயக்க வாகனத்தில் இப்போது ஆறு கூடுதல் விளக்குகள் இருக்கின்றன. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒன்பது இருந்தன. இரவில் முன்பைவிடத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே எண்ணிக்கையைக் குறைத்தேன். விடியலுக்கு முந்தைய மலைச்சாலைகளிலும், சாலை முடிந்தபின் தொடங்கும் கற்கள் நிறைந்த பாதைகளிலும் மாதத்தில் நான்கைந்து இரவுகளாவது ஓட்டுகிறேன். விளக்கு வாங்கியதில் நான் செய்த தவறுகள், ஏறத்தாழ எல்லோரும் அதே வரிசையில் செய்கிற தவறுகள்தான் என்று தோன்றுவதால் இதை எழுதுகிறேன்.

முதலில் செய்தது, பம்பரில் ஏற்கெனவே இருந்த பனிவிளக்குக் கூட்டுக்குள் 55 வாட் எச்11 வகை ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு, 6500 கெல்வின் (நீலம் கலந்த வெள்ளொளி) என்று அட்டையில் போட்டிருந்த எல்இடி பல்பைப் பொருத்தியது. வீட்டுச் சுவரில் அடித்துப் பார்த்தபோது பழையதைவிடப் பளிச்சென்று இருந்தது. முதல் அடர்பனியில் ஏறியவுடன், வாகனத்துக்கு முன்னால் பத்தடி தூரத்தில் வெள்ளைத் திரை கட்டியதுபோல் ஆயிற்று. பழைய ஹாலஜனில் இந்த அளவுக்கு நேர்ந்ததில்லை.

காரணம் பிரகாசத்தில் இல்லை. ஹாலஜன் கூட்டின் ரிஃப்ளெக்டர், மெல்லிய இழை ஒன்று குறிப்பிட்ட ஒரே இடத்தில் எரிகிறது என்ற கணக்கில் வடிவமைக்கப்படுகிறது. எல்இடி பல்பில் ஒளி, இரு பக்கமும் ஒட்டிய சில்லுகளிலிருந்து வருகிறது. அவற்றின் அளவும் இருப்பிடமும் சற்றே மாறினாலும் ஒளிக்கற்றையின் மேல்விளிம்பு கலைந்து, ஒரு பகுதி வெளிச்சம் மேல்நோக்கிச் சிதறிவிடுகிறது. மூடுபனியில் மேலே போகும் ஒவ்வொரு கதிரும் நீர்த்துளிகளில் பட்டு ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி வரும். எதிரே வருபவருக்கும் கூசும். இவ்வாறு பல்பை மட்டும் மாற்றுவதைப் பல நாடுகளின் விதிகள் அனுமதிப்பதில்லை. பயன்படுத்திப் பார்த்தபின் அந்த விதியோடு எனக்குச் சண்டை இல்லை.

ஓராண்டு ஹாலஜனுக்கே திரும்பியிருந்தேன். பிறகு விளக்கு, ரிஃப்ளெக்டர், லென்ஸ் மூன்றும் ஒன்றாகவே வடிவமைக்கப்பட்ட எல்இடி பனிவிளக்குகளை, ஐரோப்பிய ஆர்19 தர முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். இவற்றின் ஒளி இடவலமாக அகன்று, மேலே கத்தியால் சீவியதுபோல் நின்றுவிடுகிறது. பம்பரின் கீழ்ப்பகுதியில் பொருத்தியதால், பனித்திரைக்கு அடியில் நுழைந்து சாலையோரக் கோட்டையும் தரையையும் மட்டும் காட்டுகிறது. கார்களுக்கு ஐரோப்பிய விதி கூறும் உயரம் தரையிலிருந்து 250 முதல் 800 மில்லிமீட்டர் வரை. கூரைமேல் பொருத்தப்படும் எதையும் பனிவிளக்கு என்று விற்பது விளம்பரம்தான். சமதரையில் சுவருக்கு 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, மேல்விளிம்பு விளக்கின் மைய உயரத்தைவிட 20 சென்டிமீட்டர் தாழ்வாக விழும்படி திருகினேன். பின்பக்கம் சுமை ஏற்றும்போது முகப்பு நிமிர்ந்துவிடும் என்பதால், பயணத்துக்கு ஏற்றும் சுமையோடு நிறுத்தித்தான் இதைச் செய்ய வேண்டும்.

மஞ்சளா வெள்ளையா என்ற வாதத்தில் இரு தரப்பிலும் பாதி உண்மை இருக்கிறது. மூடுபனித் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை; எனவே அவை எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கின்றன. மஞ்சள் பனியை ஊடுருவும் என்பது அந்த வகையில் சரியல்ல. ஆனால் நீலப் பங்கு குறைந்த ஒளி கண்ணுக்கு மென்மையாக இருக்கிறது; இரண்டு மணி நேரம் தொடர்ந்து பனியில் ஓட்டியபின் எனக்குத் தெரிந்த வேறுபாடு இதுவே. பிரான்சு 1930களின் பிற்பகுதியிலிருந்து 1993 வரை வாகனங்களின் முகப்பு விளக்குகளே மஞ்சளாக இருக்க வேண்டும் என்று வைத்திருந்தது. நான் மஞ்சளைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் கற்றையின் வடிவம் கெட்டிருந்தால் எந்த நிறமும் கைகொடுக்காது.

நல்ல பனிவிளக்கும் தொலைவைக் காட்டுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 11 மீட்டர் போகிறோம். ஆபத்தை உணர்ந்து பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி என்று வைத்தால், உலர்ந்த சாலையிலேயே நிற்பதற்கு 25 மீட்டருக்குமேல் தேவை. 20 மீட்டர்தான் தெரிகிறது என்றால் அந்த வேகமே அதிகம். இன்னொன்று, பகல் பனியில் தானியங்கி விளக்கை நம்பக் கூடாது. பெரும்பாலான உணரிகள் வெளிச்சத்தின் அளவை மட்டுமே அறியும். மூடுபனியில் பகல் வெளிச்சம் போதுமான அளவு இருப்பதால் அவை முகப்பு விளக்கை எரியவிடாமல், பகல்நேர விளக்கோடு நிறுத்திவிடும். பல வாகனங்களில் அப்போது பின்விளக்குகள் எரியாது. பின்னால் வருபவருக்கு நாம் இல்லாதது போலவே. இதனால் பனி என்றாலே சுவிட்சைக் கையால் திருப்புகிறேன். பின்புறச் சிவப்புப் பனிவிளக்கையும் போடுகிறேன்; பனி விலகியதும் அதை மறக்காமல் அணைக்கிறேன், ஏனெனில் தெளிந்த இரவில் அது பின்னால் வருபவரின் கண்ணைக் குத்தும்.

இனி மண்பாதை. கூரையில் சிறு எல்இடிகளை வரிசையாக அடுக்கிய நீண்ட லைட் பார் ஒன்றும், அதன் அருகில் ஒளியை அகலமாகப் பரப்பும் நான்கு ஃப்ளட் விளக்குகளும் வைத்திருந்தேன். பார்ப்பதற்குக் கம்பீரமாக இருந்தது. கூரையிலிருந்து இறங்கும் ஒளி முதலில் பானெட்டில் பட்டுக் கண்ணில் அடித்தது; அதற்குக் கறுப்பு மேட் ஸ்டிக்கர் ஒட்டினேன். முன்னே போகும் வண்டியின் புழுதிக்கு ஒட்ட ஸ்டிக்கர் இல்லை. புழுதி மூடுபனியைப்போலவே ஒளியைத் திருப்பியனுப்புகிறது. கண்மட்டத்துக்கு அருகிலேயே விளக்கு இருந்தால் திரும்பும் ஒளி நேரே கண்ணுக்கு வருகிறது. அதைவிட நுட்பமான சிக்கல், ஃப்ளட் விளக்குகள் சக்கரத்துக்கு முன்னிருந்த ஐந்தாறு மீட்டரைப் பகலாக்கியது. பக்கத்துத் தரை பளபளத்தால் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிடுகிறது, நூறு மீட்டருக்கு அப்பால் உள்ள பள்ளம் இருளில் கரைந்துபோகிறது. கூரை விளக்குகளை அணைத்தவுடன் தூரத்துப் பாதை தெரிந்த இரவில்தான் இது எனக்கு உறைத்தது.

ஆகவே லைட் பாரையும் ஃப்ளட் விளக்குகளில் இரண்டையும் கழற்றிவிட்டேன். மீதி இரண்டு பானெட்டின் பின்மூலைகளுக்கு இறங்கி வெளிப்பக்கம் திரும்பியிருக்கின்றன. கொண்டையூசி வளைவில் முகப்பு விளக்கு வெறும் வெளியைக் காட்டும்போது, பாதை எங்கே திரும்புகிறது என்று காட்டுபவை இவைதான். தூரத்துக்குப் பம்பர் மேலுள்ள, ஒடுங்கிய கற்றை வீசும் இரண்டு ஸ்பாட் விளக்குகள். ஸ்பாட் வாங்கும்போது லூமென் எண்ணைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். அது மொத்த ஒளியைச் சொல்லுமே தவிர, அது எங்கே போகிறது என்று சொல்லாது. எத்தனை மீட்டரில் ஒரு லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் ஒளியின் அளவு) என்பதைப் பார்க்கிறேன். சிலர் கால் லக்ஸ் தூரத்தை அச்சிடுகிறார்கள். தூரம் இரட்டித்தால் ஒளி கால்பங்காகிவிடுவதால், அவர்களுடைய 500 மீட்டரும் மற்றவரின் 250 மீட்டரும் ஒன்றே. ஸ்பாட் விளக்குகளைப் பொதுச்சாலையில் எரியவிடுவதில்லை. உறை போட்டு மூடிவிடுகிறேன்.

வயரிங்கில் கஞ்சத்தனம் காட்டியதற்கும் தண்டனை கிடைத்தது. ஸ்பாட் விளக்குகள் ஹாலஜனாக இருந்த காலத்தில் மெல்லிய வயரில், ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் மின்சுவிட்ச்) இல்லாமல், சுவிட்ச் வழியாகவே மின்சாரத்தைக் கொண்டுபோயிருந்தேன். ஹாலஜனுக்குச் சேரும் வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் ஒளி ஏறத்தாழ முப்பது சதவீதம் குறைந்துவிடும். தடித்த வயரும், பேட்டரி அருகில் ஃபியூஸும், ரிலேயும் போட்டபின் அதே பல்புகள் புதியவைபோல் எரிந்தன. பிறகுதான் எல்இடி ஸ்பாட்டுக்கு மாறினேன்.

நீர்ப்புகாமை பற்றி ஒரு செய்தி. ஐபி67 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்பதற்கான சோதனை. சூடான விளக்கு திடீரெனக் குளிர்ந்த ஓடையில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி நீரை இழுப்பது வேறு கதை. ஒரு ஸ்பாட் விளக்கு அப்படித்தான் போயிற்று. இப்போது ஓடையைக் கடக்குமுன் விளக்குகளை அணைத்து ஆறவிடுகிறேன்.

தீராத குறை ஒன்று இன்னும் இருக்கிறது. எல்இடி தன் சூட்டைப் பின்பக்கத் தகடுகளுக்கு அனுப்பிவிடுவதால் முகக் கண்ணாடி குளிர்ந்தே இருக்கிறது. ஹாலஜனில் உருகி வழிந்த உறைபனி இதில் அப்படியே ஒட்டிக்கொள்கிறது. அத்தகைய குளிரில் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கித் துணியால் துடைக்கிறேன்.