பயணத்தில் முகம் திருத்த: ரேசரா, சலூனா, டிரிம்மரா?

மாதத்தில் பத்து நாள் வெளியூர் என்று வேலை அமைந்துவிட்ட பிறகு, மூன்று வழிகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கடைசியில் டிரிம்மருக்கு வந்து சேர்ந்தவன் நான். ஆகவே இந்த அலசலில் முழு நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

மழுமழுவென்ற சவரம்தான் வேண்டும் என்பவருக்கு, இருபக்கமும் கூருள்ள பிளேடைப் போடும் பழைய ரேசருக்கு ஈடில்லை, செலவும் குறைவு. ஆனால், கைப்பையோடு மட்டும் விமானம் ஏறுபவரிடமிருந்து அந்த பிளேடைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். பிறகு வெறும் பிடியோடு இறங்கி, போன ஊரில் கடை தேட வேண்டியதுதான்.

தலைமுடிக்குச் சலூனை விட்டால் வழியில்லை என்றாலும், முடி மாதத்திற்குச் சுமார் 1 செ.மீ. அளவே வளர்வதால், கிளம்பும் முன் பழகிய கடையில் வெட்டிக்கொண்டால் இரண்டு வாரம் தாங்கும். அறிமுகமில்லாத கடையில் சவரத்திற்கு உட்கார்ந்தால், புது பிளேடை நம் கண்முன் உறை பிரித்துப் போடச் சொல்லத் தயங்கக் கூடாது. ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் பிறருக்குப் பயன்படுத்திய பிளேடு வழியாகவும் பரவக்கூடியவை. தமிழ்நாட்டில் செவ்வாய்க்கிழமை பெரும்பாலான சலூன்கள் திறப்பதில்லை என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

டிரிம்மர் வாங்குபவர்கள் சீப்பு எத்தனை, விலை எவ்வளவு என்று பார்க்கிறார்கள். நான் சார்ஜ் போடும் துளையை மட்டுமே பார்ப்பேன். என் முதல் டிரிம்மருக்குத் தனிப் பின் கொண்ட சார்ஜர். நாக்பூரில் ஒரு காலை, வலக் கன்னத்தை முடித்துத் தாடையைத் தாண்டும்போது அதன் ஓசை கம்மி, பற்கள் முடியைக் கவ்வியபடியே நின்றுவிட்டது. சார்ஜரோ வீட்டு அலமாரியில். அரைத் தாடியோடு போய் நின்ற என்னை அந்தச் சலூன்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் துணியைப் போர்த்தி உட்கார வைத்தார். இப்போது இருப்பது டைப்-சி துளையுள்ள லித்தியம் பேட்டரி டிரிம்மர். போன் வயரே இதற்கும் போதும். ரயிலில் இரவு 11 முதல் காலை 5 மணி வரை சார்ஜிங் சாக்கெட்டை நிறுத்திவைப்பதுண்டு. அப்போது பவர் பேங்க் கைகொடுக்கும். விமானத்தில் அந்த பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். மூன்று வாரத்திற்கு மேற்பட்ட பயணத்தில் இந்த டிரிம்மரை நான் சோதித்ததில்லை.

நகத்திற்குப் பெரிய யோசனை தேவையில்லை. மெதுவாக வளரும் கால் நகத்தைக் கிளம்புவதற்கு முந்தைய நாளே வெட்டிவிடலாம். மாதத்திற்கு ஏறக்குறைய 3 மி.மீ. வளரும் கை நகத்தை, குளித்து அது இளகியிருக்கும்போது, விடுதி அறையின் குப்பைக்கூடையை முழங்கால்களுக்கு இடையில் வைத்துக்கொண்டு வெட்டுகிறேன். பெரும்பாலும் அது விளக்கு வைத்த பிறகுதான் நடக்கிறது, அம்மாவிடம் சொல்வதில்லை.