அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு: ஐந்துக்கு நான்கு

ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் ‘மனநலம்’ என்று கொஞ்சம் உரக்கவே சொல்ல வேண்டியிருக்கும். பின்னால் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். பார்க்கட்டும். அதைத் தாண்டிவிட்டால் மற்றது எளிது, செலவும் இல்லை. நான் போனது டெல்டாவில் ஒரு அரசுத் தலைமை மருத்துவமனை. குறைகளையும் எழுதப் போவதால் ஊர்ப் பெயர் வேண்டாம்.

வலங்கைமான் பக்கம் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். சம்பா அறுவடை முடிந்து மூட்டை வந்து இறங்கும் சமயத்தில் எனக்குக் கூட்டல் வராமல் போனது. ஒரே பக்கத்தை எத்தனை தடவை கூட்டினாலும் அத்தனை விடை. விடிய நேரம் இருக்கும்போதே முழிப்பு வந்துவிடும், அப்புறம் தூக்கம் கிடையாது. சோறு இறங்காது. கடன் தொல்லை என்றார்கள் உறவில். கடன் யாருக்குத்தான் இல்லை? மனசு சரியாக வேண்டும் என்று ஆட்களைக் கொண்டுபோய்த் தங்க வைக்கும் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் இருக்க வை என்று மனைவியிடம் சொன்னார் மாமா. செத்துவிடலாம் என்று தோன்றிக்கொண்டே இருந்ததை நான் சொல்லாமலே மனைவி கண்டுபிடித்துவிட்டாள். அன்று ராத்திரி அவள் அழைத்த எண் 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவை. எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. எடுத்த பெண் உபதேசம் எதுவும் செய்யவில்லை. “சார் இப்போ பக்கத்துல இருக்காராம்மா? தனியா விடாதீங்க” என்றுதான் ஆரம்பித்தார்.

மறுநாள் பார்த்த டாக்டர் சின்ன வயதுப் பெண். தூக்கம், பசி, குடிப்பழக்கம், குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று வரிசையாகக் கேட்டார். அப்புறம், சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா என்று கேட்ட அதே குரலில், “சாகணும்னு தோணுதா சார்?” என்றார். ஆமாம் என்றேன். முகம் மாறாமல் எழுதிக்கொண்டார். மனைவி பக்கம் திரும்பி, “வயலுக்கு அடிக்கிற மருந்து வீட்டுல இருக்காம்மா? இன்னைக்கே அப்புறப்படுத்திடுங்க” என்றார். பம்ப் செட் கொட்டகையில் இருந்ததையெல்லாம் சாயங்காலமே மச்சான் சாக்கில் கட்டி, டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் வைத்துக் கொண்டுபோய்விட்டார். அட்மிட் ஆகலாம், இல்லையென்றால் இரவும் பகலும் யாராவது கூடவே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மச்சான் என் வீட்டிலேயே தங்கினார். அவர் விடும் குறட்டையில் யாருக்கும் தூக்கமில்லை என்பது வேறு விஷயம்.

நோய்க்குப் பெயர் தீவிர மனச்சோர்வு. தைராய்டு குறைந்தாலும் ஆள் இப்படித்தான் சோர்ந்து கிடப்பாராம், அதனால் முதலில் ரத்தப் பரிசோதனை. அதில் ஒன்றும் இல்லை. காலையில் சாப்பிட்டதும் ப்ளூக்ஸெட்டின் மாத்திரை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், நாமாக நிறுத்தக் கூடாது, தேறிய பிறகும் மாதக்கணக்கில் தொடர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். நல்லவேளை சொன்னார்கள். ஆரம்பத்தில் குமட்டல்தான் மிச்சம். பிறகு தூக்கம் வந்தது, அடுத்து பசி. மனசு கடைசியாகத்தான் வந்தது.

உளவியலாளர் ஒரு நோட்டு போடச் சொன்னார். அன்றன்று செய்ததை எழுதி, எவ்வளவு லேசாக இருந்தது என்று பத்துக்கு மார்க் போட வேண்டும். கணக்குப்பிள்ளைக்கு நோட்டா பஞ்சம்? குளித்தது 1. வாய்க்கால் கரையில் நடந்தது 3. டீக்கடை 4. “மனசு வந்தா நடக்கலாம்னு காத்திருக்காதீங்க, நடந்தாத்தான் மனசு வரும்” என்றார். முதலில் எரிச்சலாக இருந்தது, ஆனால் நோட்டைப் புரட்டினால் அவர் சொன்னதுதான் சரி.

ஒரு மார்க் குறைத்தது கதவுக்காக. அறைக்கதவை யாரும் சாத்துவதில்லை. நான் பேசும்போது அடுத்த ஆள் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நோயாளி சொல்வதை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. ஒரு திரைச்சீலை போட எவ்வளவு ஆகும்? வாசலில் இருக்கும் ஊழியர் ‘மென்டல் ஓ.பி. அங்கே’ என்று கத்துவதையும் யாராவது நிறுத்த வேண்டும். இரண்டாம் தடவையிலிருந்து டாக்டர் பார்ப்பது சில நிமிடம்தான், அவ்வளவு கூட்டம். மருத்துவமனையில் மாத்திரை தீர்ந்துபோய் வெளியே காசுக்கு வாங்கியதும் உண்டு.

குணசீலத்துக்கும் பிற்பாடு போய்வந்தோம். மாத்திரையை நிறுத்தச் சொல்லிப் பெருமாள் ஒன்றும் சொல்லவில்லை.

போகிறவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், வரிசை வெளியே வரை நிற்கும். பழைய சீட்டு இருந்தால் எடுத்துப் போங்கள், துணைக்கு ஆள் கட்டாயம். மாவட்ட மனநலத் திட்டக் குழு தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வரும். எந்த நாள் என்று கேட்டு வைத்துக்கொண்டால் மாத்திரைக்காக அவ்வளவு தூரம் அலைய வேண்டாம். ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் ஓ.பி. திறக்கும் வரை காத்திருக்காதீர்கள். 14416-ஐ அழையுங்கள், இல்லையென்றால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.