விரல்ரேகைப் பூட்டா, எண் பூட்டா?

வாசல் கதவுக்குச் சாவியில்லாப் பூட்டு வாங்க முனைவோர் பெரும்பாலும் விரல்ரேகைப் பூட்டையே முதலில் கேட்கிறார்கள். எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை என்பதே அதன் கவர்ச்சி. ஆனால் ரேகை தேய்ந்துபோன முதியவர்களுக்கும், சிமெண்டுக் கலவையிலோ பாத்திரம் துலக்குவதிலோ நாள்தோறும் கை வைப்பவர்களுக்கும், மழையில் நனைந்து வந்து நிற்பவருக்கும் அது சில வேளைகளில் திறக்க மறுக்கும்.

எண் பூட்டில் இந்தச் சிக்கல் இல்லை. நான்கு இலக்கத்தில் 10,000 எண்களும் ஆறு இலக்கத்தில் 10 லட்சம் எண்களும் அமைவதால் ஆறு இலக்கமே நல்லது. பிறந்த தேதியை வைத்தால் அந்தக் கணக்கெல்லாம் வீண். விரல்ரேகையைப் பதிய ஆள் நேரில் வர வேண்டும். எண்ணையோ, ஊரிலிருந்து வரும் உறவினருக்குத் தொலைபேசியிலேயே சொல்லி, அவர் திரும்பியதும் மாற்றிவிடலாம். அருகில் நிற்பவர் எட்டிப் பார்த்துவிடுவதுதான் குறை என்றாலும், சரியான எண்ணுக்கு முன்னும் பின்னும் வேண்டாத இலக்கங்களை அழுத்தினாலும் ஏற்கும் பூட்டுகள் அதைப் பெரிதும் தீர்க்கின்றன.

இரண்டுமே பொதுவாகப் பேட்டரியில் இயங்குவதால் மின்வெட்டு பாதிக்காது. ஆயினும் பேட்டரி தீர்ந்தால் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் முனையோ, அவசரச் சாவித் துளையோ இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். மழைக்காலத்தில் ஊதிக்கொள்ளும் மரக்கதவானால், தச்சரை அழைத்து முதலில் அதை இழைத்துச் சீராக்குவது நலம், ஏனெனில் தாழ் முட்டினால் எந்தப் பூட்டும் சரியாக விழாது. முதியவர்கள் உள்ள வீட்டுக்கு, அவர்களுக்கு மறதி இல்லாதவரை, நான் எண் பூட்டையே பரிந்துரைப்பேன்.